பழைய விமானங்களும் அவற்றின் தடம் தேடுவோரும்

ஒரு விமானத்துக்கு மூன்று எண்கள் வரை இருக்கலாம். கட்டி முடித்ததும் தொழிற்சாலை ஒரு தகட்டில் பொறித்து உடலில் பதிக்கும் எண் முதலாவது. விமானப்படையில் சேர்ந்தால் படை ஓர் எண் தரும். பயணிகள் சேவைக்குப் போனால் அரசு பதிவெழுத்து தரும்; இந்தியாவில் அது 'விடி' என்று தொடங்கும். உரிமையாளர் மாற மாறப் பின்னிரண்டு எண்களும் மாறும், வண்ணமும் மாறும், எஞ்சின்கூட மாறும். தகட்டு எண் மட்டும் மாறாது. பழைய விமானங்களின் வரலாற்றைத் தேடுவோருக்கு அதுதான் ஜாதகம். ஒரு விமானம் எந்த ஆண்டு பிறந்தது, எந்தப் போரில் பறந்தது, எந்த மலையில் மோதியது, எந்தக் காயலான் கடையில் எடைக்குப் போனது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் அவர்கள் கோக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தேடல் 1910இல் தொடங்க வேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த கார்சிகாக்காரர் கியாகோமோ டேஞ்சலிஸ், தாமே திட்டமிட்ட விமானம் ஒன்றைச் சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டச் செய்தார். அந்த ஆண்டு மார்ச்சில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார்; பின்பு தீவுத்திடலில் பொதுமக்கள் முன் பறந்து காட்டினார். அலகாபாத்தில் விமானங்கள் பறந்தது அதே ஆண்டு டிசம்பரில்தான். ஆகவே இந்தியாவின் முதல் விமானப் பறத்தல் சென்னையில் நடந்தது என்ற வாதத்துக்கு வலு உண்டு. சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எழுதி மறதியிலிருந்து மீட்டார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த தபால் விமானத்தின் சேவை, அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்டின் கையில் பெல்லாரி வழியாகச் சென்னை வரை நீண்டது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அந்த அச்சத்தில் தென்னிந்தியா முழுவதும் ஓடுபாதைகள் முளைத்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய ஊர்களில் இருந்தவை அந்தப் போர்க்காலத்தைச் சேர்ந்தவை. கொங்கு நாட்டிலும் ஒரு பெரிய போர்க்கால மையம் இருந்தது. கோவை பீளமேட்டில் 'கருடா', சூலூரில் 'வைரி' என்று இரண்டு தளங்களைப் பிரிட்டிஷ் கடற்படை நடத்தியது. தரைத்தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டுவது அந்தக் கடற்படையின் வழக்கம். பீளமேட்டில் இருந்தது விமானப் பழுதுபார்ப்புக் கூடம். விமானந்தாங்கிக் கப்பல்களில் பறந்த விமானங்கள் அங்கே பிரித்து மாட்டப்பட்டன. இன்று சூலூர் இந்திய விமானப்படையின் தளம். அங்கே தேஜஸ் போர் விமானம் பறக்கிறது.

மற்ற ஓடுபாதைகளின் விதி வேறு. சோழவரம் மோட்டார் பந்தயத் தடமாகிப் பல பத்தாண்டுகள் ஓடியது. கயத்தாறு காற்றாலை ஆய்வுக்குப் போனது. உளுந்தூர்பேட்டை ஓடுபாதை கைவிடப்பட்டுக் கிடந்தது. அங்கெல்லாம் நின்ற விமானங்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கான விடை பெரும்பாலும் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்த விமானங்களைப் போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தவைகூட இந்த விதியால் நொறுக்கப்பட்டன, கடலில் தள்ளப்பட்டன.

அந்த அழிவிலிருந்து ஒரு கூட்டம் தப்பியது. கான்பூரில் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற நான்கு எஞ்சின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் இனி யாரும் ஓட்டக் கூடாதென்று வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டிருந்தன. விடுதலைக்குப் பிறகு பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தின் பணியாளர்கள் அங்கே போய், உடைந்தவற்றிலிருந்து உதிரிகளைக் கழற்றிப் பொருத்தி, ஒவ்வொன்றாகப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அரைகுறையாகச் சீர்செய்த அத்தனை பெரிய விமானத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. இந்திய விமான வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான தொழிற்பணி ஒன்றைக் காண்பது அரிது. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் படைப்பிரிவு இந்த விமானங்களோடு உருவானது. 1968 டிசம்பர் கடைசியில்தான் லிபரேட்டர்கள் ஓய்வுபெற்றன.

இந்த வகை விமானங்கள் 18,000க்கும் மேல் கட்டப்பட்டவை. மற்ற நாடுகள் அவற்றை உருக்கி அலுமினியமாக்கிவிட்டிருந்தன. அதனால் உலக அருங்காட்சியகங்கள் இந்தியாவைத் தேடி வந்தன. கனடா 1968இல் ஒன்றைப் பெற்றுக்கொண்டு பதிலுக்கு ஒரு லைசாண்டர் விமானத்தைத் தந்தது. அது தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு 1969இல் ஒன்று பறந்துபோனது. 1974இல் ஒன்று பிரிட்டனுக்குப் போனது. கைவிடப்பட்டுக் கிடந்த இன்னொன்றை 1980களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் ஒருவர் பிரித்து எடுத்துச்சென்றார். அது அமெரிக்காவில் புதுப்பிக்கப்பட்டு 1989இல் மறுபடி வானேறியது. ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் கதையும் ஏறத்தாழ இதுதான். 1970களின் இறுதியில் பல இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்கப்பட்டன. பெங்களூரு ஜாலஹள்ளியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பயன்பட்ட எம்வி293 என்ற ஸ்பிட்ஃபயர் பிற்பாடு இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டிலிருந்து பறந்தது. விற்றது தவறா என்று ஆர்வலர்களிடையே பேச்சு உண்டு. இங்கேயே வெயிலிலும் மழையிலும் நின்றிருந்தால் அவை துருப்பிடித்துத்தான் போயிருக்கும் என்பதை மறுக்க முடியாது.

மீண்டு வந்தவை இவை. மீளாதவற்றில் ஒன்றின் கதை நீலகிரியில் முடிந்தது. 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று கோத்தகிரி அருகே மலையில் மோதியது. உள்ளே இருந்த எவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஆப்ரகாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தார்கள். சொற்பொழிவாற்ற இந்தியா வந்திருந்தார் வால்ட். போர்க்காலத்தில் அவர் செய்த ஒரு கணக்கு இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களில் எங்கே துளைகள் அதிகமோ அங்கே கவசம் போடக் கூடாது. துளையே இல்லாத இடத்தில்தான் போட வேண்டும். ஏனென்றால் அந்த இடத்தில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை. கோத்தகிரி விபத்துக்கு நாற்பது நாள் முன்பு, 1950 நவம்பர் 3இல், ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்கில் மோதியது. 1966 ஜனவரியில் 'காஞ்சன்ஜங்கா'வும் அங்கேயே மோதியது. பனியாறு அவற்றின் சிதறல்களைப் பல பத்தாண்டுகள் கழித்துக் கீழே கொண்டுவந்து போட்டது. 2012இல் 'காஞ்சன்ஜங்கா'வின் தூதரகத் தபால் பை ஒன்று கிடைத்தது.

எண்ணை நம்பித் தேடுவோர் எண்ணிடமே ஏமாறவும் கூடும். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச்சென்ற டகோட்டாவின் எண் விபி905. அதே எண்ணைத் தாங்கி 2018 மே 4 அன்று விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்ட 'பரசுராமா' என்ற டகோட்டா அந்த விமானம் அல்ல. பிரிட்டனில் ஜி-ஏஎம்எஸ்வி என்ற பதிவில் பறந்து, பிறகு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகரால் வாங்கிப் புதுப்பிக்கப்பட்டுப் பரிசளிக்கப்பட்டது இது. பழைய வீரத்துக்கு மரியாதையாக அந்த எண் தீட்டப்பட்டது. அந்த மரியாதை பொருத்தமானது. ஆனால் இரண்டு விமானங்களின் வரலாற்றையும் ஒன்றாக்கி எழுதினால் இரண்டுக்கும் அநீதி.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டை மிகவும் வருத்திய தேடல் இந்திய விமானப்படையின் ஏஎன்-32 வகை விமானமான கே2743உடையது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய அது வங்கக் கடலுக்கு மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் தேடியும் கிடைக்கவில்லை. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம், கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்தது. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லாததால் இது அந்த விமானமாகவே இருக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஏழரை ஆண்டு காத்திருந்த குடும்பங்களுக்கு அதுதான் கிடைத்த பதில்.

பி.வி.எஸ். ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 1965, 1971 விமானப் போர்களைப் பற்றி எழுதிய நூல்கள், படைவீரர்களின் நினைவையும் லாக் புத்தகங்களையும் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒட்டிப்பார்க்கும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்னிந்தியாவின் போர்க்காலத் தளங்களுக்கு அப்படியொரு விரிவான நூல் தமிழில் வர வேண்டும். அதற்கான சான்றுகள் இன்னும் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன: விமானப்படையில் ஃபிட்டராக இருந்த தாத்தா விமானத்தின் முன் நின்று எடுத்துக்கொண்ட படம், பணிச்சான்று, கடிதம். படத்தில் விமானத்தின் எண் தெரிந்தால் அதுவே போதும், மீதியைத் தேடுவோர் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படி எதையாவது வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல், நபரின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் படத்தின் பின்பக்கம் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.