பன்னிரு நாட்களும் பத்தாண்டுகளும்: அவுஸ்திரேலியத் துப்பாக்கிச் சட்டத்தின் வரலாறு

பெருந்துயரங்கள் சட்டங்களைத் தோற்றுவிக்கின்றன என்பது பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் இதற்குச் சான்றாக அவுஸ்திரேலியாவைக் காட்டுவர். 1996 ஏப்ரல் 28ஆந் திகதி, அந்நாட்டின் தென்கோடியிலுள்ள தஸ்மேனியா மாநிலத்தின் போர்ட் ஆதரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 10ஆந் திகதி, அதாவது பன்னிரண்டே நாட்களில், சமஷ்டி அரசும் மாநில அரசுகளும் தேசியத் துப்பாக்கி உடன்பாட்டுக்கு இணங்கின. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து ஒன்று மற்றதற்கு நேர்க்காரணம் போலவே தோன்றும். ஆயின், அதே நாட்டில் ஒன்பதாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த கொலைகள் எந்தத் தேசிய உடன்பாட்டையும் தோற்றுவிக்கவில்லை. துயரம் ஒன்றே காரணமாயின், 1987இல் இயலாதது 1996இல் இயன்றது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காணுமிடத்து, பன்னிரு நாட்களின் கதை உண்மையிற் பத்தாண்டுகளின் கதை என்பது புலனாகும்.

அவுஸ்திரேலிய அரசியலமைப்பு 1901இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி துப்பாக்கி தொடர்பான அதிகாரம் சமஷ்டி அரசுக்கு உரியதன்று. வெளிநாடுகளிலிருந்து துப்பாக்கிகள் இறக்குமதியாவதைக் கட்டுப்படுத்த அவ்வரசால் இயலும். உள்நாட்டில் எவர் எதனை வைத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவை மாநிலங்களே. இதனால் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வகையான சட்டத்தைக் கொண்டிருந்தது. நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து, தஸ்மேனியா ஆகிய மூன்றிலும் நீண்ட குழற் துப்பாக்கிகளைப் பதிவுசெய்யும் முறையே இருக்கவில்லை. ஓரிடத்திற் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம் எல்லைக்கு அப்பால் எளிதிற் கிடைத்தது. பரந்த கமங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கொண்ட அந்நாட்டில் முயல், காட்டுப்பன்றி முதலியவற்றின் அழிவிலிருந்து பயிரையும் புல்லையும் காப்பதற்குத் துப்பாக்கி ஒரு தொழிற்கருவியாகவே கருதப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் 1791இல் இடம்பெற்றது போன்ற ஆயுதவுரிமைத் திருத்தம் எதுவும் அவுஸ்திரேலியாவில் இல்லை. ஆயினும், துப்பாக்கி வைத்திருத்தல் பிறப்புரிமை என்ற எண்ணம் கிராமப்புறங்களில் வலுவாக இருந்தது.

1987 ஓகஸ்ட் மாதத்தில் மெல்பேண் நகரின் ஹொடில் வீதியில் ஒருவன் கண்ணிற் பட்டோரையெல்லாம் சுட்டு எழுவரைக் கொன்றான். அதே ஆண்டு டிசம்பரில் அதே நகரின் குவீன் வீதியில் எண்மர் கொல்லப்பட்டனர். நாடு அதிர்ந்தது. பிரதமர் பொப் ஹோக் மாநில முதல்வர்களைக் கன்பராவுக்கு அழைத்தார். ஒரே சீரான சட்டம் வேண்டுமென்ற யோசனைக்குக் குவீன்ஸ்லாந்தும் தஸ்மேனியாவும் இணங்க மறுத்தன. தஸ்மேனியாவில் ஒரு படுகொலை நிகழும்வரை இந்நாட்டிற் சீர்திருத்தம் வராது என்ற கருத்துப்பட நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பாரி அன்ஸ்வேர்த் மனங்கசந்து கூறினார். அது கோபத்திற் பிறந்த சொல். ஒன்பதாண்டுகளின் பின் அதுவே தீர்க்கதரிசனமாயிற்று. அன்ஸ்வேர்த் தமது மாநிலத்தில் மட்டுமேனும் சட்டத்தை இறுக்க முயன்றார். எதிர்க்கட்சி துப்பாக்கி உரிமையாளர் சங்கங்களின் சினத்தைத் தனக்குச் சாதகமாக்கிக் கொண்டது. 1988 மார்ச் மாதத் தேர்தலில் அவரது தொழிற்கட்சி அரசு தோல்வியுற்றது. தோல்விக்குப் பிற காரணங்களும் இருந்தன. எனினும், துப்பாக்கியிற் கைவைத்தவர் ஆட்சியை இழப்பர் என்ற பாடத்தையே அரசியல்வாதிகள் அதிலிருந்து கற்றுக்கொண்டனர்.

அரசியல்வாதிகள் பின்வாங்கிய காலத்திலேதான் ஆரவாரமற்ற மற்றொரு பணி தொடங்கியது. 1988இல் வன்முறை பற்றிய தேசியக் குழுவொன்று குற்றவியல் அறிஞர் டங்கன் சப்பலின் தலைமையில் அமைக்கப்பட்டது. 1990இல் வெளியான அதன் அறிக்கை, துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி விரிவான பரிந்துரைகளை முன்வைத்தது. பொதுச் சுகாதார அறிஞரும் சட்டத்தரணிகளும் குடும்ப வன்முறைக்கெதிராக உழைத்த பெண்கள் அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான தேசியக் கூட்டமைப்பை வளர்த்தனர். றெபேக்கா பீற்றர்ஸ், சைமன் சப்மன் முதலியோர் இதிற் குறிப்பிடத்தக்கவர்.

இவர்களது முக்கிய பங்களிப்பு வினாவையே மாற்றியமைத்தமையாகும். ஒவ்வொரு படுகொலையின் பின்னும் பத்திரிகைகள் கேட்ட வினா, ‘கொலையாளி எத்தகையவன்?’ என்பது. அதற்கு விடை காணினும் அடுத்த கொலையாளியை முன்கூட்டியே இனங்காண்பது அரிது. இவர்களோ, ‘அவன் கைக்கு அக்கருவி எவ்வாறு வந்தது? ஒருவருக்கு அக்கருவி எதற்காகத் தேவை?’ என்று கேட்டனர். மேலும், துப்பாக்கியால் ஆண்டுதோறும் நேர்ந்த இறப்புகளுட் பெரும்பாலானவை தற்கொலைகள் என்பதையும், எஞ்சியவற்றுட் பல வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தவை என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். இதனால், விரல்விட்டு எண்ணத்தக்க படுகொலைகளைப் பற்றிய விவாதம் அன்றாட உயிரிழப்புகளைப் பற்றிய விவாதமாக விரிவுற்றது. பதிவேடு, அனுமதிப்பத்திரம், தக்க காரணம், பாதுகாப்பான களஞ்சியம் என்ற கோரிக்கைகள் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டன. மீண்டும் மீண்டும் புறக்கணிக்கப்பட்டன.

போர்ட் ஆதர் 1830ஆம் ஆண்டு முதல் 1877ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கைதிகளின் குடியேற்றமாக விளங்கி, பின்னர் உல்லாசப் பயணிகள் நாடும் வரலாற்றுத் தலமாக மாறிய இடம். அங்குள்ள சிற்றுண்டிச்சாலையிலும் அதனை ஒட்டிய கடையிலும் இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் இருபது பேர் கொல்லப்பட்டனர். கொலையாளியிடம் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. அவன் பயன்படுத்திய அரைத் தன்னியக்கத் துப்பாக்கி, விசையை இழுக்குந்தோறும் ஒரு சூடு தீர்ந்து அடுத்த தோட்டா தானாகவே ஏறும் வகையினது. அத்தகைய கருவியின்றி அத்துணை விரைவில் அத்தனை உயிர்களைப் போக்குதல் இயலாது என்பதை விளக்க வல்லுநர் எவரும் தேவைப்படவில்லை. ஆறு வாரங்களுக்கு முன்னர் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் நகர்ப் பாடசாலையில் பதினாறு குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியும் மக்கள் மனத்தில் ஆறாதிருந்தது.

அப்போது பிரதமராயிருந்த ஜோன் ஹவார்ட் பதவியேற்று இரண்டு மாதங்களும் நிறைவுறவில்லை. அவர் பழைமைபேணும் கட்சியொன்றின் தலைவர். அவரது கூட்டரசு கிராமப்புற வாக்குகளிற் பெரிதும் தங்கியிருந்தது. சட்டமா அதிபர் டறில் வில்லியம்ஸ் மே 10ஆந் திகதி பொலிஸ் அமைச்சர்களின் கூட்டத்தில் முன்வைத்த திட்டத்தின் பெரும்பகுதி புதியதன்று. அது முந்திய பத்தாண்டுகளில் எழுதி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததே. அரைத் தன்னியக்க நீண்ட துப்பாக்கிகளும், பிடியை முன்பின் இழுத்துத் தோட்டாவேற்றும் சொட்கன் வகையும் ஒருசில விதிவிலக்குகளுடன் தடைசெய்யப்பட்டன. எல்லாத் துப்பாக்கிகளும் பதியப்பட வேண்டும். ஒவ்வொன்றையும் வாங்கத் தனித்தனி அனுமதி பெறவேண்டும். அதற்கு 28 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். வாங்குபவர் தக்க காரணம் காட்டவேண்டும் என விதிக்கப்பட்டது. தற்பாதுகாப்புத் தக்க காரணமாகாது என்பது இவ்வுடன்பாட்டின் உயிர்நாடி எனலாம். துப்பாக்கி வைத்திருத்தல் உரிமையன்று, பொதுப் பாதுகாப்புக்கு உட்பட்ட சலுகை என்ற கோட்பாடு இதன்மூலம் நிலைநாட்டப்பட்டது.

எதிர்ப்பும் பெரிதாயிருந்தது. அவ்வெதிர்ப்பை வெறும் பிடிவாதமெனக் கொள்ளுதல் பொருந்தாது. சட்டத்தை மீறாத கமக்காரர், எவனோ ஒருவன் செய்த குற்றத்துக்குத் தாம் தண்டிக்கப்படுவதாக உணர்ந்தனர். கிராமத்து வாழ்வை அறியாத நகரத்தார் தமக்குச் சட்டம் வகுப்பதாகவும் அவர்கள் வருந்தினர். பாலும் கம்பளியும் விலை வீழ்ச்சியுற்ற காலங்களிற் கைவிடப்பட்டோரின் மனக்குறையும் இதிற் கலந்திருந்தது. 1996 ஜூன் மாதத்தில் விக்டோரியாவின் சேல் நகரில் ஆத்திரமுற்ற கூட்டத்தின் முன் பேசியபோது ஹவார்ட் மேலங்கியின் உள்ளே குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். குவீன்ஸ்லாந்தின் கிம்பி நகரில் துணைப் பிரதமர் ரிம் பிஷரின் கொடும்பாவி தூக்கிலிடப்பட்டது. பிஷர் கிராமப்புற மக்களின் கட்சியான தேசியக் கட்சியின் தலைவர். அவரே ஊரூராகச் சென்று தம் மக்களிடம் சட்டத்துக்காக வாதாடினார். இணங்காத மாநிலங்கள் இருப்பின், சமஷ்டி அரசுக்கு அதிகாரம் பெறுவதற்குச் சர்வசன வாக்கெடுப்பு நடாத்தப்படும் என ஹவார்ட் எச்சரித்தார். எதிர்க்கட்சித் தலைவர் கிம் பீஸ்லி, 1988இன் எதிர்க்கட்சி செய்தது போலன்றி, அரசுக்கு ஆதரவளித்தார். சீர்திருத்தத்தின் வெற்றியில் இதுவே பெரும் வேறுபாட்டை உண்டாக்கியது.

நியாயமான நட்டஈடின்றிச் சமஷ்டி அரசு எவருடைய சொத்தையும் எடுத்தல் ஆகாது என்பது அரசியலமைப்பின் விதி. எனவே, தடைசெய்யப்பட்ட துப்பாக்கிகள் விலை கொடுத்து மீட்கப்பட்டன. இதற்கென மருத்துவக் காப்புறுதி வரி ஓராண்டுக்கு மட்டும் 0.2 வீதத்தால் உயர்த்தப்பட்டது. வரி செலுத்தியவர் துப்பாக்கி உடையோர் மட்டுமல்லர், நாட்டினர் அனைவருமாவர். 1997 செப்டெம்பர் வரை ஏறத்தாழ 640,000 துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டு அழிக்கப்பட்டன. சுமையைப் பொதுவாக்கியமை எதிர்ப்பின் கூர்மையைத் தணித்தது என்பது மனங்கொளத்தக்கது.

இதற்குரிய அரசியல் விலையும் செலுத்தப்பட்டது. 1998 ஜூன் மாதத்திற் குவீன்ஸ்லாந்தில் நடைபெற்ற தேர்தலிற் போலின் ஹான்சனின் ஒரே தேசம் கட்சி 11 ஆசனங்களைப் பெற்றது. உடன்பாட்டுக்கு இணங்கியிருந்த தேசியக் கட்சி முதல்வர் றொப் போபிட்ஜ் ஆட்சியை இழந்தார். அவ்வாக்குகளுக்குப் பின்னால் துப்பாக்கிச் சட்டத்தின் மீதான சினமும் இருந்தது. 1988இல் அன்ஸ்வேர்த்துக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. ஆயின் இம்முறை சட்டம் எஞ்சியது.

சட்டத்தின் பயன் யாது என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. 1996க்கு முந்திய பதினெட்டு ஆண்டுகளில், ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கொல்லப்பட்ட பதின்மூன்று சம்பவங்கள் நிகழ்ந்தன. பின்னர் இருபதாண்டு காலம் அத்தகையதொன்று நிகழவில்லை எனச் சப்மனும் அவரது சகாக்களும் 2016இல் எழுதினர். ஆயினும், துப்பாக்கி சாராத தற்கொலை, கொலை ஆகியனவும் அதே காலத்திற் குறைந்தமையால், பொதுவான இறப்பு வீழ்ச்சியைச் சட்டத்துக்கே உரியதெனக் கூறவியலாது என அவர்களே ஒப்புக்கொண்டனர். துப்பாக்கிகள் மிகுதியாக மீட்கப்பட்ட மாநிலங்களில் துப்பாக்கித் தற்கொலையும் மிகுதியாகக் குறைந்தது என 2010இல் அன்றூ லே, கிறிஸ்டீன் நீல் ஆகியோர் காட்டினர். அதற்கு முன்னரே வீழ்ச்சி தொடங்கிவிட்டது என வாதிட்டோரும் உளர். ஆதரவாளர் தம் ஐயத்தையும் சேர்த்தே வெளியிட்ட இவ்வாய்வுப் பண்பு, முழக்கங்கள் மலிந்த இத்துறையில் அரிய முன்மாதிரியாகும்.

சட்டம் ஒருமுறை இயற்றப்பட்டதும் தானே நின்று காக்கும் என்று கொள்ளவும் இடமில்லை. 2002இல் மெல்பேணின் மொனாஷ் பல்கலைக்கழக வகுப்பறையில் இரு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1996இன் மீட்பு நீண்ட துப்பாக்கிகளையே குறியாகக் கொண்டிருந்தமை அப்போது உணரப்பட்டு, கைத்துப்பாக்கிகளுக்கெனத் தனி மீட்புத் திட்டம் 2003இல் வந்தது. 2018இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒஸ்மிங்டனில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எழுவர் இறந்தனர். மாநிலப் பதிவேடுகளை இணைப்பதென 1996இலேயே இணங்கப்பட்டது. எனினும், ஒரே தேசியப் பதிவேட்டை அமைக்கும் முடிவு 2023 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டது. இதற்கிடையில் நாட்டிலுள்ள துப்பாக்கிகளின் தொகை மீட்புக்கு முந்திய அளவையும் கடந்து பெருகியது. 2025 டிசம்பர் 14ஆந் திகதி சிட்னியின் பொண்டை கடற்கரையில், யூதர்களின் ஹனுக்கா விழாவிற் கூடியிருந்தோர் மீது நடாத்தப்பட்ட தாக்குதலிற் பதினைந்து பேர் கொல்லப்பட்டனர். தாக்கியோரில் ஒருவர் அனுமதிப்பத்திரத்துடன் ஆறு துப்பாக்கிகளை வைத்திருந்தவர். ஒருவர் எத்தனை துப்பாக்கிகளை வைத்திருக்கலாம் என்ற, 1996இல் முழுமையாக விடைகாணப்படாத வினா மீண்டும் எழுந்தது. நியூ சவுத் வேல்ஸ் பாராளுமன்றம் அம்மாதத்திலேயே அவ்வெண்ணிக்கைக்கு எல்லை விதித்தது. சமஷ்டி அரசு புதியதொரு மீட்புத் திட்டத்தை அறிவித்தது.

அயல்நாடான நியூசிலாந்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அங்கு 1997இல் நீதிபதி தோமஸ் தோர்ப் அளித்த அறிக்கை, படைப்பாணியிலான அரைத் தன்னியக்கத் துப்பாக்கிகளைத் தடைசெய்யவும் எல்லாத் துப்பாக்கிகளையும் பதியவும் பரிந்துரைத்தது. அது செயற்படுத்தப்படவில்லை. 2019 மார்ச் 15ஆந் திகதி கிறைஸ்ட்சேர்ச் நகரின் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பின்னரே, நான்கு வாரங்களுக்குள், தடைச்சட்டம் நிறைவேறியது.

ஆகவே, துயரம் சட்டத்தை இயற்றுவதில்லை. அது கதவை மட்டுமே திறக்கின்றது. அக்கதவு சில வாரங்களே திறந்திருக்கும். அவ்வேளையில் உள்ளே கொண்டுசெல்லத்தக்க ஆய்வும் திட்டமும் முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். தம் ஆதரவாளரின் சினத்தை ஏற்கத் துணிந்த தலைமையும், அச்சினத்தை வாக்காக மாற்ற முனையாத எதிர்க்கட்சியும் வேண்டும். 1987இற் கதவு திறந்தது. உள்ளே செல்ல எவரும் ஆயத்தமாயிருக்கவில்லை. 1996இன் பெருமையிற் பங்கு கொள்ள வேண்டியோர், எவரும் செவிமடுக்காத ஆண்டுகளில் அறிக்கை எழுதியவர்களே. அதே வேளை, அவ்வறிக்கைகள் 1990இலேயே செவிமடுக்கப்பட்டிருப்பின் போர்ட் ஆதரின் 35 பேரில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பர் என்ற வினாவும் அவ்வாண்டுகளோடு சேர்ந்தே நிற்கின்றது.