பேஜ்மேக்கரை விடாத ஊர்

மதுரையில் வைகையின் வடகரையில் ஏ.வி. பாலம் இறங்குமிடத்தில் இருக்கும் கோரிப்பாளையம் சந்திப்பில், ஆண்டு முழுவதும் யாராவது யாரையாவது எழுத்தில் வரவேற்றுக்கொண்டோ வாழ்த்திக்கொண்டோ இருப்பார்கள். சித்திரையில் அழகர் ஆற்றுக்கு வரும் நாட்கள், தர்காவில் சந்தனக்கூடு, அக்டோபர் 30-இல் தேவர் சிலைக்கு மாலை போட வரும் கூட்டம்; இவற்றுக்கு நடுவே காதணி விழா, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. இந்த எழுத்துகளைச் செய்துகொடுக்கும் டி.டி.பி. தொழில் மீது வெகுகாலமாக ஒரு புகார் உண்டு. உலகம் எங்கோ போய்விட்டது, இவர்கள் இன்னும் பழைய பேஜ்மேக்கர், பழைய கோரல் மென்பொருள்களையும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அதுவும் திருட்டுப் பிரதியில் என்பது அந்தப் புகார். மதுரைக்கு மட்டும் உரியதல்ல இது. சிவகாசியிலும் திருச்சியிலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் இதையே சொல்வார்கள். இது சோம்பேறித்தனம் அல்ல, தங்கள் எழுத்தை மனத்தில் வைக்காமல் செய்த கருவியோடு ஒரு தொழில் போட்டுக்கொண்ட கணக்கு என்பது என் கட்சி. அந்தக் கணக்கு எப்போது போடப்பட்டது, எங்கே சரியாக இருந்தது, எங்கே பிசகியது என்று பார்க்கத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கணினி வருவதற்கு முன்பே இதே தகராறு ஒருமுறை நடந்திருக்கிறது. 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. கொக்கி போட்ட ணா, றா, னாவும் தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னையும் போய், இன்று நாம் எழுதும் வடிவங்கள் வந்தன. பெரியார் 1935 முதலே தம் ஏடுகளில் அச்சிட்டுவந்த முறைதான் அது. எனவே புதுமை என்று யாரும் மிரள வேண்டியதில்லை. ஆனாலும் ஆணைக்குப் பிறகு பல ஆண்டுகள் பழைய வடிவங்கள் அச்சில் வந்துகொண்டிருந்தன. சீர்திருத்தத்துக்கு எதிரான கொள்கைப் பிடிப்பு சிலருக்கு இருந்திருக்கலாம். பெரும்பாலான அச்சகங்களுக்கு இருந்த காரணம் எளியது: ஈய எழுத்து எடை போட்டு வாங்கிய முதல். தேயும்வரை அதை ஓட்டுவார்கள். அச்சுத் தொழிலில் கருவி என்றால் இதுதான் பொருள். ஒருமுறை வாங்குவது, பல பத்தாண்டு உழைப்பது, பழுதானால் பட்டறையில் சரிசெய்வது. செகண்ட் ஹேண்டில் வந்த ஆப்செட் இயந்திரம் முப்பது ஆண்டு ஓடுவதை இங்கே யாரும் பழமைவாதம் என்று சொல்வதில்லை. மென்பொருளையும் இந்தத் தொழில் அதே கண்ணால்தான் பார்த்தது.

1985-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆல்டஸ் நிறுவனம் மேக்கின்டாஷுக்காக பேஜ்மேக்கரை வெளியிட்டது. அதே ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் வந்தது. அதற்குள் பக்கத்தை விவரிக்கும் மொழியான அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தது. மூன்றும் சேர்ந்ததுதான் டி.டி.பி. கனடாவிலிருந்து கோரல்டிரா 1989-இல், போட்டோஷாப் 1990-இல். இவற்றில் எதற்கும் தமிழ் தெரியாது. தெரியாத கருவியை ஏமாற்றித்தான் தமிழ் உள்ளே நுழைந்தது. ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். 'கொடி' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால், பிறகு டி: ஈய எழுத்தைக் கோத்த அதே வரிசை. பேஜ்மேக்கரைப் பொறுத்தவரை நான்கு ஆங்கிலக் குறிகள் போகின்றன, அவ்வளவுதான். இந்தத் தந்திரம் மிக நன்றாக வேலை செய்தது. அச்சுக்கோப்பவர்களின் கைப்பழக்கம் வீணாகாமல் விசைப்பலகைக்கு ஏறியது. நூற்றுக்கணக்கான வடிவங்களில் எழுத்துருக்கள் வந்தன. ஸ்ரீலிபி, செந்தமிழ், வானவில், ஈழத்தவரிடையே பாமினி என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பம்.

குடும்பத்துக்குக் குடும்பம் எழுத்தின் இருப்பிடம் மாறியதுதான் வினை. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடி, டாப், டாம் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. நல்ல முயற்சிதான், ஆனால் அடுத்த ஆண்டே விண்டோஸ் 2000, எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் தமிழோடும் லதா எழுத்துருவோடும் வந்துவிட்டது. யூனிகோடில் 'கொ' என்பது க, அதன் பின் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்தின் வலப்பக்கம் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். விண்டோஸோடு சும்மா வரும் நோட்பேடில் சரியாக வந்த 'கொடி', காசு கொடுத்து வாங்கும் பேஜ்மேக்கரில் வரவில்லை. 2001-இல் வெளிவந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. அப்போது பேஜ்மேக்கரைக் கையில் வைத்திருந்த அடோபி 2004-இல் அதன் வளர்ச்சியை நிறுத்தியது. யூனிகோடு அதற்குள் கடைசிவரை நுழையவில்லை. எல்லோரும் அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு மாறுங்கள் என்றார்கள். அந்த இன்டிசைனிலும் அப்போது யூனிகோடு தமிழ் ஒழுங்காக வராது. மாறியிருந்தாலும் அதே பழைய எழுத்துருவைத்தான் அங்கேயும் ஓட்டியிருக்க வேண்டும். பிறகு எதற்கு மாறுவது?

அடோபி ஒருவழியாக 2012-இல், சி.எஸ்.6 பதிப்பில், இன்டிசைனுக்குள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு தந்தது. கோரலும் அதே ஆண்டு எக்ஸ்6 பதிப்பில் இத்தகைய எழுத்துமுறைகளைக் கையாளத் தொடங்கியது. காத்திருந்தவர்களுக்குக் கதவு திறந்தது என்று மகிழ்வதற்குள், 2013 மே மாதம், இனிப் பெட்டியில் விற்பனை இல்லை, மாதச் சந்தா மட்டுமே என்று அடோபி அறிவித்தது. ஒருமுறை விலை கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பும் சி.எஸ்.6-தான், பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும் அதுதான். தமிழ் வந்த பதிப்போடு மற்ற இரண்டு வாசலும் அடைபட்டன. சந்தா முறையை எதிர்த்து மேலைநாட்டு வடிவமைப்பாளர்களே ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். ஃப்ரீஹேண்ட் என்ற மென்பொருளை அடோபி வாங்கிக் கிடப்பில் போட்டபோது அதன் பயனர்கள் 2011-இல் வழக்கே போட்டார்கள். மதுரைக்காரர் வழக்குப் போடவில்லை, மனுவும் எழுதவில்லை; பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டார். கருவி என் கையில் நிலைக்க வேண்டும், என் பழைய வேலை நாளைக்கும் திறக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இரு இடத்திலும் ஒன்றுதான்.

அந்த எதிர்பார்ப்பில் இரண்டாவது பாதி இங்கே கூடுதல் கனம் பெற்றதற்குத் தொழிலின் தன்மை காரணம். கோரிப்பாளையத்தில் தொங்குவதில் பெரும்பகுதி ஆண்டுதோறும் திரும்பி வருவது. சென்ற ஆண்டு தேவர் ஜெயந்திக்குச் செய்த தட்டியில் ஆண்டு மாறும், பொறுப்பாளர் பெயர் மாறும், கீழே வரிசை கட்டி நிற்கும் முகங்களில் இரண்டு போய் மூன்று சேரும். மற்றபடி அதே கோப்பு. கல்யாணப் பத்திரிகையும் அப்படியே: அண்ணனுக்கு அடித்த வீட்டுக்காரர் தம்பிக்கும் அதே மாடலைக் கேட்பார். எனவே இந்தக் கடைகளின் சொத்து மென்பொருள் அல்ல, இருபது ஆண்டுக் கோப்புகள். கடைசியில் அடிக்கும்போது எழுத்தை 'கர்வ்', அதாவது வெறும் கோட்டுவடிவம், ஆக்கிவிடுவார்கள், அல்லது மொத்தத்தையும் படமாக்கி ஃப்ளெக்ஸ் இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். இயந்திரத்துக்கு எந்தக் குறியேற்றம் என்பது தெரியவே தெரியாது. பழைய எழுத்துருவால் எந்த வாடிக்கையாளருக்கும் எந்த நாளும் தட்டியில் குறை வந்ததில்லை. வருமானமும் மாதந்தோறும் சீராக வருவதல்ல. திருவிழாவில் தூக்கமின்றி வேலை, ஆடியில் ஈ ஓட்டல். 2019-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு நீதிமன்றம் காட்டிய கடுமையைப் போன்ற ஒன்று வந்தால் அதுவும் நிற்கும். மாதம் தவறாமல் சந்தா கட்டு என்பவர்கள் இந்த வரவைப் பார்த்து விலை வைக்கவில்லை.

இதெல்லாம் சாக்கு, திருட்டுப் பிரதி ஓசியில் கிடைப்பதுதான் உண்மைக் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். திருட்டுப் பிரதி தவறு என்பதில் மறுப்பில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, தெரிந்தே அப்படிப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பழமையை அது விளக்காது. திருடுகிறவனுக்குப் பழையதும் புதியதும் ஒரே விலை. ஓசியில் எடுக்கும்போது 2023-ஆம் ஆண்டுப் பதிப்பை விட்டுவிட்டு 2001-ஆம் ஆண்டுப் பதிப்பை ஒருவர் எடுக்கிறார் என்றால் அங்கே பணத்தைத் தாண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அரசு நிலைமையும் இதற்குச் சாட்சி. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக ஏற்று அரசாணை வந்தது. அதன் பிறகும் அலுவலகங்களில் வானவில் அவ்வையார் எழுத்துரு நெடுங்காலம் ஆண்டது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பேஜ்மேக்கருக்குத் தனிப் பாடமே இருக்கிறது. தயாரித்தவர்களே கைவிட்டுப் பதினைந்து ஆண்டு ஆன மென்பொருளை மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்தார்கள். பாடத்திட்டக் குழுவைக் கேலி செய்வது சுலபம். ஆனால் படித்து முடித்து வேலைக்குப் போகும் கடையில் அதுதான் ஓடியது.

கட்டற்ற மென்பொருள் பக்கம் போயிருக்கலாமே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள், அடோபிக்கு வெகு முன்பே யூனிகோடு தமிழைப் பிழையில்லாமல் காட்டியது. விலையும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனாலும் இந்தக் கடைகளில் அது ஊன்றவில்லை. என் வாதத்துக்கு இது உரைகல். தமிழ் சரியாகத் தெரிவது மட்டுமே தேவையாக இருந்திருந்தால் இங்க்ஸ்கேப் வென்றிருக்க வேண்டும். ஆனால் ஆப்செட்டுக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிரிப்பு அதில் நேரடியாக இல்லை, கோரல் கோப்பைத் திறந்தால் அமைப்பு கலைந்துபோகும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸின் நிலையான பதிப்பில் இந்திய எழுத்துகள் சரியாக வர 2024 ஆகிவிட்டது.

இருந்தாலும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு, அதை மூடி மறைக்க முடியாது. தட்டி மறுவாரம் கிழிந்துவிடும், புத்தகம் அப்படியல்ல. இதே எழுத்துருக்களில்தான் 1990-களிலிருந்து தமிழ்ப் பதிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான நூல்களைக் கோத்தார்கள். அந்தக் கோப்புகளில் யூனிகோடில் அடித்து ஒரு சொல்லைத் தேட முடியாது, மின்னூலாக மாற்றினால் ஒற்றும் கொம்பும் இடம் மாறி மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கிறது. தட்டிக்காரருக்குச் சரியான தீர்மானம் பதிப்பாளருக்குத் தவறானது. இருவரும் ஒரே கடையில், ஒரே ஆளிடம் வேலை கொடுத்ததால் இந்த வேறுபாடு வெகுநாள் யாருக்கும் உறைக்கவில்லை.

மாற்றம் கடைசியில் வேறு வழியாக வந்தது. வாடிக்கையாளர் இப்போது விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், அது யூனிகோடு. டிசைனர் அதை எழுத்துரு மாற்றியில் போட்டுப் பழைய எழுத்துருவுக்கு இறக்கி, கோரலில் ஒட்டுகிறார். புதியதைப் பழையதாக்கும் இந்தத் தலைகீழ் வேலைக்கு முக்கியக் காரணம் எழுத்துருப் பஞ்சம். தட்டிக்கு வேண்டிய தடித்த, மிடுக்கான வடிவங்கள் பழைய குடும்பங்களில் நூறு இருந்தபோது யூனிகோடில் லதாவும் இன்னும் சிலவும்தான். போட்டோஷாப்பில் அவற்றை ஓட்டுவதற்கும், அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குள் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. அதை யாரும் சொல்லித் தரவில்லை. 2010-களின் நடுவில் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கட்டமரன், பலூ தம்பி, முக்தா மலர் என்று வரத் தொடங்கின. அரிமா மதுரை என்று ஊர்ப் பெயரையே தாங்கிய ஒன்றும் வந்தது, போர்ச்சுகல் வடிவமைப்பாளர்களின் முன்முயற்சியில். மென்மையாக வளைந்த கோடுகள் கொண்ட அது பத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் பொருந்தும். முப்பதடி தூரத்தில், பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வருபவர் படிக்க வேண்டிய ஜெயந்தித் தட்டிக்கு அது போதாது; அந்த வேலைக்கு டிசைனர் இன்னும் செந்தமிழ்க் குடும்பத்தின் பட்டியலைத்தான் திறக்கிறார்.