சரிவில் ஒளிந்திருக்கும் சரித்திரம்

அமெரிக்கச் சாலையோரத்தில் நிற்கும் ஒரு பிக்கப் வண்டியைப் பக்கவாட்டிலிருந்து என்றேனும் கவனித்திருக்கிறீர்களா? நேரில் பார்க்காவிடினும் பாதகமில்லை, புகைப்படமே போதும். சுமையேதும் ஏற்றப்படாத அவ்வண்டியின் பின்புறம் சற்றே நிமிர்ந்தும் முன்புறம் சற்றே தாழ்ந்தும் இருக்கும். ஓரிரு அங்குல வேறுபாடுதான். ஆயினும், புதிய வண்டியை வாங்கிய கையோடு இந்தச் சரிவை நீக்கிவிடத் துடிப்போர் அந்நாட்டில் ஏராளம். ‘லெவலிங் கிட்’ எனப்படும் சிறு உலோகத் துண்டுகளை முன்சக்கர ஸ்பிரிங்குகளின் தலைமாட்டில் பொருத்தி, முன்புறத்தைப் பின்புறத்துக்குச் சமமாக உயர்த்துகிறார்கள். அதனால் கிடைக்கும் இடைவெளியில் பெரிய டயர்களை மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை.

இதில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்றுதான் நாமும் முதலில் எண்ணினோம். தேடப் புகுந்த பின்னரே, அந்த ஓரிரு அங்குலத்துக்குள் ஒரு நூற்றாண்டு அடங்கியிருப்பது புலப்பட்டது.

சுமைக்கென ஒதுக்கிய உயரம்

மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இந்தச் சரிவை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் வண்டி குடைசாயும். பாரம் எங்கே அமர்கிறது என்பதை அறிந்தவனே வண்டிக்காரன். பிக்கப் வண்டியை வடிவமைத்தவர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். இவ்வண்டியின் சுமைத்தொட்டி பின்னச்சின்மேல் அமர்ந்திருக்கிறது. தானிய மூட்டைகளோ செங்கற்களோ ஏற்றப்பட்டால் பின் ஸ்பிரிங்குகள் அமுங்கும். அப்போது வண்டி சமநிலைக்கு வர வேண்டுமானால், வெறும் வண்டியாக நிற்கையில் பின்புறம் உயர்ந்திருக்க வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. பின்புறம் அமுங்கினால் முன்புறம் மேல்நோக்கும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ஆகவே அந்தச் சரிவு வெறும் பொறியியல் கணக்கன்று. எதிரில் வருபவருக்குக் காட்டும் மரியாதையும்கூட.

சேற்றுச் சாலைகளின் காலம்

1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ வெளிவந்தபோது அமெரிக்கக் கிராமப்புறச் சாலைகள் பெரும்பாலும் மண்சாலைகளே. மழை பெய்தால் சேறு. காய்ந்தால் குதிரைவண்டிச் சக்கரங்கள் பதித்த பள்ளங்கள். அவற்றில் அடிபடாமல் செல்லத்தக்க உயரத்தில் அந்த வண்டி நின்றது. அதன் தொடக்ககால டயர்களைப் பாருங்கள்: முன்னே 30 அங்குல விட்டமும் 3 அங்குல அகலமும், பின்னே அதே விட்டத்தில் மூன்றரை அங்குல அகலம். பாரம் தாங்கும் பக்கத்துக்குத் தடித்த டயர் என்பது அன்றே வழக்கிலிருந்திருக்கிறது.

உழவர்கள் அந்தக் காரின் பின்புறத்தில் மரப்பெட்டியைப் பொருத்திக் காய்கறியும் பால்கலமும் ஏற்றிச் சென்றார்கள். பயனாளிகள் தாமே செய்துகொண்ட இம்மாற்றத்தைக் கண்ட பிறகுதான், 1925 ஏப்ரல் 15 அன்று ஃபோர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே சுமைத்தொட்டி பொருத்திய மாடல் டி வண்டியை அறிவித்தது. விலை 281 டாலர். பிக்கப் என்னும் வண்டியினமே, சொந்தக் கையால் வண்டியை மாற்றியமைத்த எளியவர்களிடமிருந்துதான் பிறந்தது எனலாம். இன்று லெவலிங் கிட் பொருத்துவோரும் அந்த மரபின் வாரிசுகளே. இதை நாம் மறுப்பதற்கில்லை.

போரும் பாலைவனமும்

அடுத்த கட்டம் நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் வண்டிகளுடையது. 1931-இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கப்பெற்ற மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம், 1930-களின் நடுப்பகுதியிலிருந்து ஃபோர்டு டிரக்குகளை நான்கு சக்கர விசை வண்டிகளாக மாற்றித் தந்தது. இரண்டாம் உலகப்போர் இத்தகைய வண்டிகளை ஊரறியச் செய்தது. போர்க்கள டிரக்குகளின் வழித்தோன்றலாக 1946-இல் டாட்ஜ் ‘பவர் வேகன்’ பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. 1957-இல் செவ்ரோலேயும் 1959-இல் ஃபோர்டும் தத்தம் தொழிற்சாலைகளிலேயே நான்கு சக்கர விசைப் பிக்கப்புகளைத் தயாரிக்கத் தொடங்கின. இவற்றின் முன்னச்சுக்கும் விசை செல்ல வேண்டியிருந்ததால் உயரம் கூடியது. அதுவும் தேவை கருதிய உயரமே. காடு, சுரங்கம், பண்ணை ஆகிய இடங்களுக்கு அது வேண்டியிருந்தது.

உயரம் விளையாட்டாகத் தலைப்பட்டது 1960-களில். 1967-இல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் லா பாஸ் நகரை நோக்கிய நெடும்பந்தயம் முதன்முதலாக நடந்தது. மணலிலும் பாறையிலும் ஓடிய வண்டிகள், நெடிது இயங்கும் ஸ்பிரிங்குகளோடும் அகன்ற டயர்களோடும் புகழ்பெற்றன. மணலில் புதையாமல் மிதந்து செல்ல வேண்டுமென்றால் டயர் அகலமாக இருக்க வேண்டும். சேற்று வயலில் டிராக்டரும் இதே உண்மையால்தான் ஓடுகிறது. 1976-இல் பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தின் ‘ஆல்-டெரெய்ன்’ ரேடியல் டயர் வந்தபோது, கரடுமுரடான தடத்துக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே டயர் என்பது கைகூடியது. பந்தயக்காரரின் கருவி அண்டைவீட்டாரின் வண்டிக்கும் வந்துசேர்ந்தது.

பிறகு வந்தது ஒரு பூதம்! மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பகுதியில் பாப் சாண்ட்லர் என்பவர், தம்முடைய 1974-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பை இன்னும் உயரம், இன்னும் பெரிய டயர் என்று வளர்த்துக்கொண்டே போனார். ‘பிக்ஃபுட்’ எனப் பெயரிடப்பட்ட அவ்வண்டி, 48 அங்குல டயர்களுடன் 1981-இல் ஒரு வயலில் பழைய கார்களின்மேல் ஏறி அவற்றை நசுக்கியது. பின்னர் அதற்கு 66 அங்குல டயர்களும் வந்தன. விளையாட்டரங்குகள் நிரம்பின. உயரம் என்பது வலிமையின் சின்னம் என்னும் எண்ணம் ஒரு தலைமுறையின் மனத்தில் ஆழப் பதிந்தது.

இரண்டு அங்குலத்தின் கணக்கு

பிக்ஃபுட்டைப் போல் எல்லாராலும் செய்ய இயலுமா? எளிய வழி ஒன்று தேவைப்பட்டது. 1988-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு சக்கர விசைப் பிக்கப்புகளில் முன்சக்கரங்களை முறுக்குத் தண்டுகள் தாங்கின. ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்புறம் உயரும். 2004-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 முன்சக்கரங்களில் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றிணைந்த அமைப்பைப் பெற்றது. அதன் மேல்முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு துண்டைச் செருகினால் போதும். அந்த அமைப்பு கீழ்க்கரத்தின் முனையில் அன்றி நடுப்பகுதியில் ஊன்றியிருப்பதால், ஓரங்குலத் துண்டு ஏறக்குறைய இரண்டு அங்குல உயர்வைத் தரும். நெம்புகோல் தத்துவம்தான்.

வேலை எளிது, விளைவுகள் அத்தனை எளிதல்ல. முன்சக்கரங்களின் சாய்வு மாறிவிடுவதால் வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். இல்லையேல் புதிய டயர்கள் ஒருபக்கமாகத் தேயும். சக்கரங்களுக்கு விசை செலுத்தும் தண்டுகளும் பந்து மூட்டுகளும் இயல்புக்கு மீறிய கோணத்தில் உழைக்க வேண்டியிருக்கும். 31.5 அங்குல டயருக்குப் பதிலாக 33 அங்குல டயர் மாட்டினால், ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 63 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கனத்த டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் இன்ஜினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இவையெல்லாம் உரிமையாளரின் கவலை. ஆனால் விளக்கு? அச்சுகளுக்கிடையே 12 அடி நீளமுள்ள வண்டியின் முன்புறத்தை மட்டும் 2 அங்குலம் உயர்த்தினால், 100 அடிக்கு அப்பால் ஒளி ஒன்றேகால் அடிக்கும் மேலாக எழும்பிவிடும். விளக்கைத் தாழ்த்தித் திருகிவிடலாம். சில நிமிட வேலைதான். மறந்துவிட்டால், சுமை ஏறாத வண்டியும் சுமையேறிய வண்டியைப் போல எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

தலைகீழான சரிவு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கார்களின் பம்பர்களுக்குத் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரையிலான உயரத்தில் விதி உண்டு. பிக்கப்புகளுக்கு அவ்விதி இல்லை. மோதலின்போது உயர்ந்த வண்டி காரின் வலுவான பகுதியைத் தாண்டி, உள்ளிருப்போரை எட்டிவிடுகிறது. ஆகவே 2003-இல் உற்பத்தியாளர்கள் தாமாகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2009 செப்டம்பருக்குள் தங்கள் வண்டிகளின் முன்கட்டமைப்பைக் கார்களுக்கு ஈடான உயரத்துக்குக் கொண்டுவர இசைந்தார்கள். அந்த உடன்பாடு காத்த உயரத்தைத்தான் லெவலிங் கிட்டும் பெரிய டயரும் சேர்ந்து மீண்டும் மாற்றுகின்றன. 2023-இல் வெளியான அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் ஆய்வு, பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள், தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார்களைவிடப் பாதசாரிகள்மீது மோதுகையில் உயிரிழப்பை விளைவிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று கண்டது. அங்கே எண்ணப்பட்டவை தொழிற்சாலையிலிருந்து வந்த உயரங்கள். நாம் சேர்க்கும் அங்குலங்கள் அதற்கும் மேலே.

காலம் இதோடு நின்றதா? இல்லை. தென்கிழக்கு மாநிலங்களில் இளைஞர்கள் முன்புறத்தை வானம் பார்க்க உயர்த்திப் பின்புறத்தைத் தாழ்த்தும் ‘கரோலைனா ஸ்குவாட்’ மோகத்தில் இறங்கினார்கள். பாலைவனப் பந்தய வண்டிகளின் தோற்றத்திலிருந்து இது வந்ததாகச் சொல்வார்கள். ஓட்டுநருக்கு முன்னேயுள்ள சாலையே மறைந்துபோகும் இக்கோலத்தை வட கரோலைனா 2021-இல் சட்டத்தால் தடுத்தது. முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கலாகாது என்றது. வர்ஜீனியா 2022-இலும் தென் கரோலைனா 2023-இலும் தடை கொண்டுவந்தன.

எண்ணிப் பாருங்கள். சுமையை எதிர்நோக்கி முன்னே தாழ்ந்து நின்ற வண்டி, முதலில் சமனாகி, பிறகு சுமையே இல்லாமல் சுமையேறியதுபோல் பின்னே சாய்ந்துவிட்டது! உழைப்புக்கென ஒதுக்கிய இடத்தில் தோற்றம் வந்து அமர்ந்துகொண்டது.

தம் வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் உரிமையை நாம் குறைகூறவில்லை. மரப்பெட்டி பொருத்திய உழவரும் அதைத்தான் செய்தார். ஆனால் அவர் பொருத்தியதைச் சுமந்தவர் அவரே. நாம் உயர்த்தும் இரண்டு அங்குலத்தையோ, எதிரே சிறிய காரில் வருபவரும் சாலையைக் கடக்கும் குழந்தையும் சேர்ந்தல்லவா சுமக்கிறார்கள்? அலைன்மென்ட் செய்யவும் விளக்கைத் தாழ்த்தவும் செலவாகும் அரைநாள், அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன். வண்டியின் சரிவை நீக்குபவர்கள், அந்தச் சரிவு யாருக்காக இருந்தது என்பதை மட்டும் மறவாதிருக்கட்டும்.