ராஜாவுக்கு ஒரு ‘செக்’

செக்குக்கும் சிவலிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஒருவனை ஏசுவது நம் ஊர் வழக்கம். இங்கிலீஷ் கலந்து பேசப் பழகிவிட்ட நமக்கோ, செக்குக்கும் செக்குக்குமே வித்தியாசம் தெரிவதில்லை. பாங்கில் கொடுப்பது செக். கட்டம் போட்ட சட்டைத்துணியும் செக். ரயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவர் செக்கர். டாக்டர் உடம்பைப் பார்த்தால் செக்கப். எல்லையில் லாரியை நிறுத்துகிற இடம் செக்போஸ்ட். சதுரங்கத்தில் ராஜாவை மடக்கினால் அதுவும் செக். எண்ணெய் ஆட்டும் செக்கை விட்டுவிடுவோம். அது நம்முடைய சொந்தச் சொத்து. மற்ற ஆறும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாயைத் தேடிப் போனால் பாரசீகத்து அரண்மனை வாசலில் போய் நிற்போம்.

சதுரங்கம் நம் தேசத்து ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையே அதற்குப் பெயர் கொடுத்தது. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் அது பாரசீகத்துக்குப் போயிற்று. அங்கே ராஜாவுக்கு ‘ஷா’ என்று பெயர். எதிரியின் ராஜாவுக்குக் குறி வைக்கும்போது, “ஷா!” என்று சொல்லி எச்சரிப்பது ஆட்டத்தின் மரியாதை. அராபியர் பாரசீகத்தை வென்றபோது ஆட்டத்தையும் சேர்த்து வாரிக்கொண்டார்கள்; அவர்களிடமிருந்து அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ஷா’ என்பது ‘எஷெக்’ ஆயிற்று. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர் பேசியது பிரெஞ்சு. அந்த வழியாக வந்ததுதான் ‘செக்’. அதன் பன்மையே ‘செஸ்’. ஆட்டத்தின் பெயரே ‘ராஜாக்கள்’ என்றுதான் ஆகிறது! ‘ஷா மாத்’, அதாவது ராஜா கதியற்றுப் போனார் என்ற தொடரே ‘செக்மேட்’.

ராஜாவுக்கு ஆபத்து என்று குரல் எழுந்தால் மற்றக் காரியமெல்லாம் அப்படியே நின்றுவிட வேண்டும். முதலில் அதற்குப் பதில், மற்றது பிறகு. ஆகவே ‘செக்’ என்றால் சட்டென்று நிறுத்துவது என்று அர்த்தம் ஏற்பட்டது. நிறுத்துவது, கட்டுப்படுத்துவது ஆயிற்று. கட்டுப்படுத்துவது, சரி பார்ப்பது ஆயிற்று. செக்போஸ்ட்டும் செக்கரும் செக்கப்பும் இந்தக் கிளையில் பிறந்தவை.

கட்டம் போட்ட துணிக்கு அந்தப் பெயர் வந்தது சதுரங்கப் பலகையால். அந்தத் துணி இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கஜானாவையே ஆண்டது. முதலாம் ஹென்றி மன்னர் காலத்திலிருந்து (1100–1135) கணக்குப் பார்க்க ஒரு சபை கூடியது. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேஜை. அதன் மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு கூட்டுவதும் கழிப்பதும் பெரும்பாடு அல்லவா? ஆகையால் வில்லைகளைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். அந்தச் சபைக்குச் சதுரங்கப் பலகையின் பெயரே நிலைத்தது: ‘எக்ஸ்செக்கர்’. இன்றைக்கும் பிரிட்டிஷ் நிதி மந்திரி ‘சான்ஸலர் ஆப் தி எக்ஸ்செக்கர்’தான்.

ஜில்லா அதிகாரிகளான ஷெரீப்கள் வருஷத்தில் இரண்டு தடவை அந்த மேஜைக்கு முன்னே வந்து நிற்பார்கள். வசூலித்த பணத்துக்குக் காசு விடாமல் கணக்குச் சொல்ல வேண்டும். பொக்கிஷதாராக இருந்த ரிச்சர்டு பிட்ஸ்நீல் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில், இது பொக்கிஷதாருக்கும் ஷெரீப்புக்கும் நடக்கும் சதுரங்கப் போர் என்றே வர்ணிக்கிறார். பாவம், ஷெரீப்! எதிரே இருப்பது ராஜாவின் பலகை, ஆட்டமும் ராஜாவுடையது.

கொடுத்த பணத்துக்கு ரசீது ஒரு மரக்குச்சி. தொகைக்கு ஏற்றபடி அதில் வெட்டுகள் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கு ஒரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டும் பொருந்தினால் கணக்குச் சரி. இந்தக் குச்சிகளின் பெருங்குவியலை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ பரவிப் பார்லிமெண்டுக் கட்டடமே வெந்துபோயிற்று!

பாங்குச் செக்கின் கதையும் இதே மாதிரிதான். மோசடியைத் தடுக்கக் கையில் நிறுத்திக்கொள்ளும் அடிக்கட்டைக்கே 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு அது கிழித்துக் கொடுக்கிற சீட்டுக்குத் தாவிவிட்டது. எக்ஸ்செக்கரைப் பார்த்து இங்கிலாந்துக்காரர் அதன் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்திருக்கிறார்கள்.

இதுவரை ராஜா பிரஜைகளைச் செக் செய்த கதை. ஆட்டம் பிற்பாடு திரும்பியது. பார்லிமெண்டைக் கேளாமல் வரி வாங்கிய முதலாம் சார்லஸ், 1642 ஜனவரி 4-ஆம் தேதி ஐந்து அங்கத்தினர்களைப் பிடிக்க ஆயுதபாணிகளுடன் காமன்ஸ் சபைக்கு வந்தார். அவர்கள் எங்கே என்று சபாநாயகர் லெந்தாலைக் கேட்டார். லெந்தால் மண்டியிட்டார், ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை. ஏழு வருஷத்துக்குப் பின் மன்னர் தலை உருண்டது. பார்லிமெண்டின் சம்மதமின்றி அரசர் வரி வாங்கக் கூடாது என்று 1689-இல் உரிமைச் சட்டமும் வந்துவிட்டது. மேஜை அதேதான், கணக்குச் சொல்ல வேண்டியவர் மாறிவிட்டார்.

அதிகாரத்தை அதிகாரத்தாலேயே தடுத்து வைக்க வேண்டும் என்று பின்னர் அமெரிக்க அரசியல் சட்டம் வகுத்தவர்கள் வாதாடியபோது, அவர்கள் கையாண்ட சொல்லும் இந்தச் ‘செக்’தான். 1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டமும் சர்க்கார் செலவைச் சரி பார்க்கத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஒருவரை நியமித்திருக்கிறது. இங்கிருந்து புறப்பட்டுப் போன ஆட்டத்தின் எச்சரிக்கைக் குரல், ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

சதுரங்கத்தில் ராஜாவை வெட்டுவது கிடையாது. ஆனால் செக் சொன்ன பிறகு அவர் சும்மா இருக்கவும் முடியாது. நகரலாம், தடுக்கலாம், எதிரியை வெட்டலாம். காது கேளாதவர்போல இன்னொரு பக்கம் காயை நகர்த்த மட்டும் ஆட்டம் இடம் கொடுப்பதில்லை. பலகைக்கு வெளியே இருக்கிற ராஜாக்களுக்கு அந்த விதியைக் கற்பிக்கத்தான் இத்தனை நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. பாடம் இன்னும் முடிந்தபாடில்லை.