புழுங்கல் அரிசி நம்மைக் காப்பாற்றிய கதை, இப்போது ஏன் அது மட்டும் போதாது

1/ "நாங்க பச்சரிசியே தொடறதில்ல டாக்டர், புழுங்கல் அரிசிதான். அப்புறம் எப்படி சுகர் வந்துச்சு?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சுகர் பார்க்கும் எந்த டாக்டரும் கேட்டிருக்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதில் தெரிய 120 வருஷம் பின்னால், மலேயாவுக்குப் போகணும். வாங்க.

2/ அப்போது அங்கே பெரிபெரி என்ற நோய் ஆட்டிப் படைத்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் செயலிழக்கும். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அதே ஊரில் கூலி வேலைக்குப் போயிருந்த நம் தமிழர்களுக்கு மட்டும் அது அபூர்வம்.

3/ பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது மில்லில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று 1907-ல் எழுதினார். விஷம் என்றது தவறு. அரிசி என்றது சரி.

4/ அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவர்கூட இல்லை. இன்று இப்படி ஒரு ஆய்வுக்கு அனுமதியே கிடைக்காது.

5/ காரணம் என்ன? அரிசியின் தவிட்டிலும் முளையிலும்தான் வைட்டமின் பி1 இருக்கிறது. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்தால் பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். பேர் தெரியாமலே நம் பாட்டிகள் செய்துவந்த வேலை இது!

6/ இந்தியாவிலும் இதே கதைதான். பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் இருந்தது வடக்கே ஆந்திரக் கடலோர மாவட்டங்களில். அங்கே தீட்டிய பச்சரிசி. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது குறைவு. இதை ஆராய 1918-ல் குன்னூரில் ஒரே அறையில் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வகம்தான், 1958-ல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

7/ இப்போ முதல் கேள்விக்கு வருவோம். அவிக்கும்போது உள்ளே இறங்குவது வைட்டமின். நார்ச்சத்து இறங்காது, அது தவிட்டோடுதான் இருக்கும். உரலில் குத்திய காலத்தில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது. இன்று செங்குன்றம் மில்லில் இருந்து வரும் புழுங்கல் அரிசியைப் பாருங்க, மல்லிப்பூ மாதிரி. மில்காரரைக் குறை சொல்லாதீங்க, வெள்ளையா இருந்தாதான் நாம வாங்கறோம்.

8/ ஆக, புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தடுத்தது. சுகரைத் தடுக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில், மக்களின் தினசரி கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது, பெரும்பாலும் அரிசி. அதிகம் சாப்பிட்டவர்களிடம் சர்க்கரை நோயும் அதிகம்.

9/ மாற்றினால் பலன் உண்டா? சென்னையில் உடல் எடை கூடிய 15 பேருக்கு 5 நாள் வெள்ளை அரிசி, 5 நாள் தவிடு நீக்காத அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. தவிடு நீக்காத அரிசியில் ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20% குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் நம் ஊர் ஆட்கள், நம் ஊர் சாப்பாடு.

10/ என்ன செய்யலாம்?
• தினம் ஒரு வேளை மட்டும் கைக்குத்தல் அரிசி, வரகு, சாமை என்று மாறுங்க. சிறுதானியத்தையும் பாலிஷ் போட்டு விற்கிறார்கள், பார்த்து வாங்குங்க.
• ஆடி மாசம் திருவேற்காட்டில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ் நல்லதுதான். ஆனால் மாவைச் சலித்துச் சக்கையை எறிந்துவிட்டால் நாரும் போச்சு.
• முழு தானியமும் மாவுச்சத்துதான். அளவு முக்கியம். தட்டில் பாதி காய், கூடவே பருப்பு.
• மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. கிட்னி பிரச்சனை இருந்தால் உங்க டாக்டரைக் கேட்டு மாற்றுங்க.

11/ மலேயாவில் தமிழர்களைக் காப்பாற்றியது தானியத்தில் மிஞ்சியிருந்த கொஞ்சம் சத்து. மில்லில் தவிடாகக் கழிந்து மாட்டுக்குப் போவதில் ஒரு பங்கையாவது நம் தட்டுக்குத் திருப்பிக் கொண்டு வருவோம்.