கடதாசியில் ஏறிய பெயர்

நம் ஊர்களிலே சிறு தொழிலொன்றைத் தனியே தொடங்கும் ஒருவர், தையற்காரராயினும் படப்பிடிப்பாளராயினும், முதலில் நாடிச் செல்லுமிடம் அச்சுக்கூடமே. பெயர் அட்டையும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் பொதியின்மேல் ஒட்டுஞ் சீட்டும் கைக்கு வந்த பின்னரே, தமக்கென ஒரு தொழில் உண்டென்னும் தைரியம் அவருக்குப் பிறக்கின்றது. இதனை வீண் ஆடம்பரமென்று நகைப்பாரும் உளர். நான் நகைப்பதில்லை. அச்சிட்ட கடதாசி என்ன செய்யவல்லது என்பதை, ஹேவாஹெட்டை மலைகளில் வாழும் நாங்கள் எங்கள் தேயிலையின் வரலாற்றிலேயே காண்கின்றோம்.

எமது மலைத்தொடரிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867ஆம் ஆண்டிலே, ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1852இல் கோப்பித் தோட்ட வேலைக்கென வந்திறங்கியபோது அவர் பதின்ம வயதினரே. தம் வங்களாவின் விறாந்தையையே தொழிற்சாலையாக்கிக்கொண்டு, கொழுந்தை மேசைமீது கையால் உருட்டுவித்து, களிமண் அடுப்பிலே கரிநெருப்பின்மேல் உலர்த்தி எடுத்தார். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, மற்றைத் தோட்டக்காரர்கள் அவரிடம் வந்து பயின்றனர். 1873இல் அவரது தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குச் சென்றது. டெயிலரோ கடை வைத்தவரல்லர். சம்பளத்துக்கு உழைத்த துரை. அவர் பெயரை, தேநீர் அருந்திய உலகம் அறிந்ததில்லை. 1892 மே 2ஆம் நாள் லூல்கந்துரவில் அவர் காலமானபோது, தொழிலாளர் இருபத்துநால்வர் இரண்டு அணியினராய்ப் பிரிந்து, மாறி மாறி அவருடலைச் சுமந்துகொண்டு கண்டி மஹியாவை மயானம்வரை நடந்தனர்.

உலகம் அறிந்த பெயர் வேறொரு ஸ்கொத்லாந்துக்காரருடையது. தோமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோ நகரிலே தனியொரு மளிகைக் கடை திறந்தார். கடையைக் கூட்டுபவரும் அவரே, நிறுத்துக் கொடுப்பவரும் அவரே. எனினும் விளம்பரத்தில் மாத்திரம் அவர் சிக்கனம் பார்த்தவரல்லர். வில்லி லொக்கார்ட் என்னும் கேலிச் சித்திரக்காரரைக்கொண்டு வாரந்தோறும் புதுப்படம் வரைவித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அழுதுகொண்டிருக்கும் பன்றி ஒன்றையும், அதன் சுற்றமெல்லாம் லிப்டன் கடைக்குப் போய்விட்டதையும் காட்டிய படத்தைக் காணத் தெருவிலே கூட்டம் கூடியதாம்.

1877இல் அவர் செய்த வேலை இன்னும் துணிகரமானது. ஸ்கொத்லாந்தின் ஒரு பவுண் நாணயத் தாளைப் போலவே சீட்டுகள் அச்சிட்டார். பிற கடைகளில் ஒரு பவுணுக்குக் கிடைக்கும் பன்றியிறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் தம் கடையிலே பதினைந்து சிலிங்குக்குக் கிடைக்கும் என்பதே அதில் அடங்கிய வாக்குறுதி. விரைந்து பார்ப்போருக்கு அது மெய்ப்பணமாகவே தோன்றியது. அதனை மெய்ப்பணமெனக் கைமாற்றியோரும் உண்டு. இத்தகைய தந்திரம் எனக்கு உவப்பானதன்று. ஆயினும் நேயர்களே, அந்தச் சீட்டு கடைக்காரரின் புகழைப் பாடாது, ஒரு விலையைச் சொல்லிற்று என்பதைக் கவனியுங்கள். நம்மூர்ப் பெயர் அட்டைகள் பலவற்றில் பூவேலை இருக்கின்றது. இன்ன வேலையை இன்னவாறு செய்து தருவேன் என்னும் சொல் இருப்பதில்லை.

தேயிலைக்கு லிப்டன் வந்தது 1880களின் இறுதியில். அக்காலத்திலே தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. அள்ளுகின்ற கை எதனைக் கலந்தது என்று வாங்குபவர் அறியார். கலப்படத்துக்கு அஞ்சியோரை எண்ணி ஜோன் ஹோர்னிமன் என்பார் 1826இலேயே பக்கற்றில் அடைத்து விற்றிருந்தார். லிப்டன் அம்முறையைப் பெருவழக்காக்கினார். ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என அளவிட்டு, பக்கற்றின்மேல் தம் பெயரை அச்சிட்டார். நிறை குறைந்தாலும் சுவை கெட்டாலும் பழிக்கப்படுவது அந்தப் பெயரே. ஆதலால் பெயர் அச்சிட்டவர் தாமே பிணை நிற்கின்றார். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பதென்னை முதலிய தோட்டங்களை வாங்கியபின், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்ற கருத்தைத் தம் விளம்பரமெங்கும் பரப்பினார். அது முழு உண்மையன்று. அவர் விற்ற தேயிலையின் ஒரு பகுதியையே அவருடைய தோட்டங்கள் தந்தன. எஞ்சியதை மற்றவர்களைப் போலச் சந்தையிலேதான் வாங்கினார்.

அவ்விளம்பரங்களில் ஒரு படம் திரும்பத் திரும்ப வந்தது: கையிலே தேநீர்க் கோப்பையுடன் நிற்கும் தோட்டத்துத் தமிழ்ப் பெண். கொழுந்துக் கூடையும் சேலையும் அவளை இன்னாரென்று காட்டின. லண்டன் வாசகர் அவளைக் கண்டே பொருளை நம்பினர். லிப்டனின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவளுக்குப் பெயர் இல்லை. அவளைப் போன்றோருக்கெனத் தோட்டத்தில் எழுதப்பட்ட கடதாசி வேறொன்று. அதனைத் துண்டு என்பர். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதனைக் கையிலெடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டம் தேடிப் போவான். கடனோடு ஆளும் மாறும். 1921இலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பொதிகளில் அதன் பின்னரும் அச்சாகி வந்தது. அவளிடமோ இந்நாட்டுப் பிரசை என்று காட்டுதற்கு ஒரு கடதாசி இல்லை. 1964இன் ஒப்பந்தம் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. 1988இல் ஒரு சட்டம் வந்தது; எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று.