32 நாள் வாழ்ந்த படை

இந்திய-பாகிஸ்தான் எல்லையை வரைய சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8-ம் தேதி டெல்லியில் வந்து இறங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு எல்லையைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், அதே டெல்லியில், தலைவர்களும் தளபதிகளும் வேறொரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள். கோடு விழுந்ததும் பஞ்சாபில் என்ன நடக்கும்? அதைத் தடுக்க எத்தனை சிப்பாய்கள் வேண்டும்?

என்ன நடக்கும் என்று யாரும் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. பஞ்சாப் மார்ச் மாதத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. மார்ச் 2 அன்று மாகாணத்தின் பிரதமர் கிசர் ஹயாத் திவானா பதவி விலகினார். அடுத்த சில நாட்களில் லாகூர், அமிர்தசரஸ், முல்தான் நகரங்களில் கலவரம் வெடித்தது. ராவல்பிண்டி மாவட்டத்தில் கிராமம் கிராமமாகச் சீக்கியர்களும் இந்துக்களும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் தொடங்கும்போது கவர்னர் இவான் ஜென்கின்ஸ் கையிலிருந்த கணக்கில் இறந்தவர்கள் 4,500-க்கும் மேல். இது சுதந்திரத்துக்கு முந்தைய கணக்கு!

ஜூன் மாதம் லாகூரிலும் அமிர்தசரஸிலும் இரவு தவறாமல் வீடுகள் எரிந்தன. ராணுவச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று நேரு கேட்டார். ஜென்கின்ஸும் தளபதிகளும் தயங்கினார்கள். அவர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. குறுகலான சந்தில், நள்ளிரவில், ஒரு மொட்டை மாடியிலிருந்து அடுத்த வீட்டுக்கு எரியும் துணிப்பந்தை ஒருவன் வீசிவிட்டுப் போகிறான். அவனைத் துப்பாக்கி ஏந்திய பட்டாலியனால் பிடிக்க முடியாது. கூட்டம் திரண்டு வந்தால் ராணுவம் கலைக்கும். திரளாத பகையை என்ன செய்வது? ராணுவத்துக்கு அப்போதே தெரிந்திருந்த எல்லை இது.

ஆனால் மேலிடத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பிரிவினையால் ரத்த ஆறு ஓடுமே என்று மௌலானா ஆசாத் மவுண்ட்பேட்டனிடம் கவலைப்பட்டபோது, தான் ஒரு ராணுவ வீரன், கலவரத்தை முளையிலேயே கிள்ளிவிடுவேன், தேவைப்பட்டால் டாங்கிகளையும் விமானங்களையும் இறக்குவேன் என்று வைஸ்ராய் உறுதி கொடுத்ததாக ஆசாத் தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார்.

அந்த உறுதியின் நிஜ வடிவம்தான் பஞ்சாப் எல்லைப் படை. ஜூலை 22 அன்று பிரிவினைக் கவுன்சில் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் 1 முதல் படை இயங்கத் தொடங்கியது. தலைமையகம் லாகூர். தளபதி மேஜர் ஜெனரல் ரீஸ், வேல்ஸ்காரர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் 19-வது இந்திய டிவிஷனை நடத்தி, 1945 மார்ச்சில் மண்டலேயைப் பிடித்தவர். அவருக்கு ஆலோசகர்களாக இந்தியத் தரப்பில் பிரிகேடியர் திகம்பர் சிங் பிரார், பாகிஸ்தான் தரப்பில் கர்னல் அயூப் கான். ஆமாம், பதினோரு ஆண்டுகள் கழித்து பாகிஸ்தானின் ஆட்சியைக் கைப்பற்றிய அதே அயூப் கான்தான்.

படையின் அடித்தளமாக அமைந்தது 4-வது இந்திய டிவிஷன். சிவப்புக் கழுகுச் சின்னம் தாங்கி வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியின் காசினோவிலும் போரிட்ட டிவிஷன் அது. ராணுவமே இரண்டாகப் பங்கு போடப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இந்து, முஸ்லிம், சீக்கியர், கூர்க்கா என எல்லோரும் இன்னமும் ஒன்றாக இருந்த படைப் பிரிவுகளைப் பிரிக்காமல் நிறுத்திவைத்தார்கள். எந்தத் தரப்பையும் சாராத படை என்று மக்கள் நம்ப வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

இனி கணக்குக்கு வருவோம். சியால்கோட், குஜ்ரன்வாலா, ஷேக்குபுரா, லியால்பூர், மாண்ட்கோமரி, லாகூர், அமிர்தசரஸ், குர்தாஸ்பூர், ஹோஷியார்பூர், ஜலந்தர், ஃபெரோஸ்பூர், லூதியானா என மொத்தம் 12 மாவட்டங்கள் ரீஸின் பொறுப்பில். பரப்பளவு சுமார் 37,500 சதுர மைல். மக்கள் தொகை சுமார் 1 கோடியே 45 லட்சம். ஊர்கள் 17,000-க்கும் மேல். படையில் 50,000 பேர் என்றே மேலிடம் பேசிவந்தது. உண்மையில் உச்சகட்டத்தில்கூட 25,000-ஐத் தாண்டவில்லை. அதிலும் சமையற்காரர்கள், ஓட்டுநர்கள், எழுத்தர்கள், சிக்னல் பிரிவினர் எல்லோரும் அடக்கம். அவர்களையெல்லாம் கழிக்காமல் வகுத்தாலும் ஏறத்தாழ 580 பேருக்கு ஒருவர். ஊருக்கு இரண்டு சிப்பாய்கூடத் தேறாது.

எதிரில் இருந்தவர்கள் யார்? உலகப் போருக்கு ஆள் கொடுத்ததில் முதலிடம் பஞ்சாபுக்கு. போர் முடிந்து ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கான மாஜி சிப்பாய்கள் அதே கிராமங்களில் இருந்தார்கள். கிழக்குப் பஞ்சாபில் கிளம்பிய சீக்கிய ஜதாக்களில், அதாவது ஆயுதக் குழுக்களில், அவர்கள் முன்னணியில் நின்றார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஊரை நோக்கிச் சுடுவார்கள். ஈட்டியும் கிர்பானும் ஏந்தியவர்கள் மறுபக்கத்தால் நுழைவார்கள். தப்பி ஓடுகிறவர்களை வெட்ட ஒரு குழு வெளியே காத்திருக்கும். ராணுவம் கற்றுக்கொடுத்த பாடம்தான் இது. ஆகஸ்ட் மாதம் வயல்களில் கரும்பும் சோளமும் ஆளுயரம் நிற்கும் பருவம் வேறு. ரோந்து லாரியின் சத்தம் கேட்டதும் ஜதா பயிருக்குள் மறையும். லாரி போனதும் வெளியே வரும். மேற்கிலும் இதே கொடுமை. கொன்றவர்களும் செத்தவர்களும் மட்டும் இடம் மாறினார்கள்.

கலவரத்தில் ராணுவத்துக்குக் கண்ணும் காதும் உள்ளூர் போலீஸ்தான். எந்த வீட்டில் ஆயுதம், எந்த ஊரில் இன்றிரவு கூட்டம் என்று காவலர்கள் சொன்னால்தான் சிப்பாய் அங்கே போக முடியும். பஞ்சாப் போலீஸில் பெரும்பான்மை முஸ்லிம்கள். ஆகஸ்ட் 15-க்குச் சில நாட்கள் முன்பு அமிர்தசரஸில் முஸ்லிம் காவலர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஒரே நாளில் நகரத்தின் காவல் சரிந்தது. முஸ்லிம் குடியிருப்புகள் பாதுகாப்பின்றி நின்றன. ரீஸுக்குச் செய்தி சொல்லவும் ஆள் இல்லை.

அடுத்தது, என்னால் இன்றளவும் மன்னிக்க முடியாத விஷயம். எந்த எல்லைக்காக இந்தப் படை அமைக்கப்பட்டதோ, அந்த எல்லையை மக்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 8 அன்று வைஸ்ராயின் செயலகத்திலிருந்து ஜென்கின்ஸ் அலுவலகத்துக்கு உத்தேச எல்லையைக் காட்டும் ஒரு வரைபடம் போனது. முன்னேற்பாடுகளுக்காகத்தான். அதில் ஃபெரோஸ்பூர், ஜீரா தாசில்கள் பாகிஸ்தான் பக்கம். இரண்டு மூன்று நாட்களில், துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பகுதியை நீக்கிவிடும்படி ஒரு தந்தி. தாசில்கள் இந்தியாவுக்கு வந்தன. இந்தக் காகிதங்கள் பின்னர் பாகிஸ்தான் அதிகாரிகள் கையில் கிடைத்துப் பெரும் சர்ச்சை ஆனது தனிக் கதை.

ராட்கிளிஃபின் எல்லைத் தீர்ப்பு ஆகஸ்ட் 13-க்குள் தயாராகிவிட்டது. வெளியானது 17-ம் தேதி. நடுவே இரண்டு நாடுகளும் பிறந்துவிட்டன. குர்தாஸ்பூரில் பாகிஸ்தான் கொடி பறந்தது. 17-ம் தேதிதான் நான்கு தாசில்களில் மூன்று இந்தியாவுக்கு என்று தெரிந்தது. எந்த ஊர் எந்த நாடு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், குறைந்தபட்சம் எந்தச் சாலையில் காவல் போடுவது என்றாவது திட்டமிட்டிருக்கலாம். அதே 17-ம் தேதிதான், நாடு திரும்பும் முதல் பிரிட்டிஷ் துருப்புகளோடு பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பியது. ஆங்கிலேயர் உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய, கலவரத்தில் தலையிடக் கூடாது என்று அந்தத் துருப்புகளுக்கு முன்பே உத்தரவாகியிருந்தது.

மீதி நாட்களை வேகமாகக் கடப்போம். தன் மதத்தவர் கொல்லப்பட்ட செய்தி ஒவ்வொரு சிப்பாய்க்கும் வந்துகொண்டிருந்தது. பலரின் குடும்பங்களே அந்த 12 மாவட்டங்களில் இருந்தன. ஆகஸ்ட் 25, 26 தேதிகளில் ஷேக்குபுராவில் இந்துக்களும் சீக்கியர்களும் கொன்று குவிக்கப்பட்டபோது, காவலுக்கு வந்த சிப்பாய்களே சுட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கிழக்கில் முஸ்லிம்களிடமிருந்தும் அதே புகார். ஆகஸ்ட் 29 அன்று லாகூரில் கூடிய கூட்டுப் பாதுகாப்புக் கவுன்சில் படையைக் கலைக்க முடிவெடுத்தது. செப்டம்பர் 1 நள்ளிரவோடு அதன் ஆயுள் முடிந்தது.

அதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று, கல்கத்தாவில் அமைதியை மீட்ட காந்திக்கு மவுண்ட்பேட்டன் எழுதிய கடிதத்தை நாம் எல்லோரும் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். பஞ்சாபில் 55,000 சிப்பாய்கள் இருந்தும் கலவரம். வங்காளத்திலோ ஒரே ஒரு மனிதர்தான் படை, அங்கே அமைதி என்பது அதன் சாரம். காந்தி பெற வேண்டிய புகழ்தான், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த 55,000 என்ற எண் உண்மையில்லை. இருந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. இந்தக் கடிதம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேற்கோள் காட்டப்பட்டு, அரை லட்சம் சிப்பாய்கள் இருந்தும் கோட்டைவிட்டார்கள் என்ற பழியை அந்தப் படையின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது.

ரீஸின் படை செய்யத் தவறியவை உண்டு. அதன் சிப்பாய்களில் சிலர் செய்த குற்றங்களும் உண்டு. ஆனால் முதல் பொறுப்பு அவர்களுடையதல்ல. 1948 ஜூனுக்குள் வெளியேறுவோம் என்று 1947 பிப்ரவரி 20 அன்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்தார். அதை ஆகஸ்ட் 15 என்று பத்து மாதம் முன்னுக்கு இழுத்தவர் மவுண்ட்பேட்டன். போலீஸும் ராணுவமும் நிர்வாகமும் ஒரே நேரத்தில் பங்கு போடப்பட்ட சுதந்திரத்துக்கு முந்தைய பத்து வாரங்களில், 1 கோடியே 45 லட்சம் பேரைக் காக்கும் வேலையைப் பாதிப் படையிடம் கொடுத்தவர்கள்தான் பஞ்சாபின் சாவுகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

(தொடரும்)